ஒரு பை மண்ணை வைத்துத் தங்கத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? - உலோகத் தேடல் எப்படி நடக்கிறது?

2020 பிப்ரவரியில், உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ரா மாவட்டத்தில் 3,350 டன் தங்கம் புதைந்திருப்பதாக ஒரு செய்தி நாடு முழுக்கப் பரவியது. அப்போது இந்தியாவின் அதிகாரபூர்வக் கையிருப்பில் இருந்த தங்கமே சுமார் 626 டன்தான். அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல்! டிவி விவாதம், மீம்ஸ், வாட்ஸ்அப் ஃபார்வர்டு என்று எங்கும் இதே பேச்சு.

பிப்ரவரி 22 அன்று இந்தியப் புவியியல் ஆய்வு மையம் (ஜி.எஸ்.ஐ.) விளக்கம் கொடுத்தது. அங்கே 1998-99, 1999-2000 ஆண்டுகளில் ஆய்வு நடந்தது உண்மை. மதிப்பிடப்பட்டது 52,806.25 டன் தாதுப் பாறை. அதில் ஒரு டன்னுக்குச் சராசரியாக 3.03 கிராம் தங்கம். பெருக்கிப் பார்த்தால் சுமார் 160 கிலோ. நம்ம ஊர் கணக்கில் 20,000 பவுன். சின்ன அளவு இல்லைதான். ஆனால், 3,350 டன் எங்கே, 160 கிலோ எங்கே?

பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மேலே நின்றுகொண்டு எப்படிச் சொல்கிறார்கள்? அதில் எது ஊகம், எது உறுதி? இது தெரிந்தால் இப்படிப்பட்ட செய்திகளைப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை. தேடலின் முதல் படியிலிருந்து தொடங்குவோம். அந்த முதல் படி, பெரும்பாலும் ஒரு பை மண்.

மேல் மண்ணுக்கு எப்படித் தெரியும்?

பாறை நிரந்தரமானது போலத் தெரிந்தாலும் மழை, வெயில், காற்று, வேர், நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே இருக்கின்றன. பாறைக்குள் தாமிரமோ துத்தநாகமோ அதிகம் இருந்தால், சிதையும்போது அதுவும் வெளியே வரும். கொஞ்சம் நீரில் கரைந்து ஓடும். கொஞ்சம் களிமண் துகள்களிலும் இரும்புத் துருவிலும் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் மழையில் அடித்துக்கொண்டு ஓடைக்குப் போகும்.

சாம்பார் கொதிக்கும்போது வாசனை தெருவரைக்கும் வருகிற மாதிரிதான் இதுவும். அடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும், வாசனை கூடும் பக்கமாக நடந்தால் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். தாதுப் படிவத்தைச் சுற்றி மண்ணிலும் நீரிலும் செடியிலும் பரவியிருக்கும் இந்த வேதியியல் 'வாசனை'யை அளப்பதுதான் புவி வேதியியல் ஆய்வு.

சில இடங்களில் அடையாளம் கண்ணுக்கே தெரியும். சல்பைடு தாதுக்கள் மேற்பரப்பில் சிதைந்தால் துருப்பிடித்த இரும்பு போன்ற செம்பழுப்புத் தொப்பி உருவாகும். 1977-ல் ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் ராம்பூரா அகூச்சா துத்தநாகப் படிவம் கண்டறியப்பட்டதற்கு இப்படியொரு துருத்தொப்பிதான் துப்பு கொடுத்தது. இன்று அது உலகின் மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று. ஆனால், கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைப் பெரும்பாலும் முந்தைய தலைமுறைகளே கண்டுபிடித்துவிட்டன. மிச்சம் இருப்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

எவ்வளவு இருந்தால் 'அதிகம்'?

எந்த மண்ணை எடுத்தாலும் அதில் எல்லா உலோகமும் துளியளவு இருக்கும். சாதாரண மண்ணில் ஒரு டன்னுக்கு 20, 30 கிராம் தாமிரம் இருப்பது இயல்பு. இதை 20, 30 பிபிஎம் என்பார்கள். தங்கம் இன்னும் அரிது. அதை பிபிபி என்ற அளவில் சொல்வார்கள். ஒரு பிபிபி என்றால் ஆயிரம் டன் மண்ணில் ஒரு கிராம். பத்து டன் லாரியாக இருந்தால், நூறு லாரி மண்ணுக்கு ஒரு கிராம்!

இந்த இயல்பான அளவுக்குப் 'பின்னணி அளவு' என்று பெயர். அதைவிடத் தெளிவாக உயர்ந்து நிற்கும் இடம்தான் 'அனாமலி'. சாதாரண மண்ணில் சில பிபிபி மட்டுமே தங்கம் உள்ள பகுதியில், ஒரு மூலையில் 30, 40 பிபிபி என்று வந்தால் புவியியலாளர் நிமிர்ந்து உட்காருவார். அந்த மண்ணை அள்ளி விற்க முடியாது. சோன்பத்ரா பாறையின் 3.03 கிராமை இதே அளவில் சொன்னால் 3,030 பிபிபி. 'இங்கே தேடு' என்று கைகாட்டுவதோடு அந்த 40 பிபிபி-யின் வேலை முடிந்துவிடும்.

பின்னணி அளவு இடத்துக்கு இடம் மாறும் என்பதும் முக்கியம். கறுப்புப் பாறையான பசால்ட்டிலிருந்து வந்த மண்ணில் தாமிரம் இயல்பாகவே அதிகம்; மணற்பாறை மண்ணில் குறைவு. ஒரே எண் ஓர் இடத்தில் சாதாரணம், இன்னோர் இடத்தில் செய்தி. அதனால்தான் ஒற்றை மாதிரியை வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. நூற்றுக்கணக்கான மாதிரிகளை வரைபடத்தில் பொருத்தி, வடிவம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள்.

ஓடையில் தொடங்கி, மேட்டில் முடியும்

ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரை எப்படிச் சல்லடை போடுவது? இயற்கையே ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறது. ஓர் ஓடையின் வண்டல் என்பது, அந்த ஓடைக்குத் தண்ணீர் வரும் பகுதி முழுவதின் கலவை. வண்டலில் தாமிரம் அதிகம் என்றால், மேலே எங்கேயோ அதன் மூலம் இருக்க வேண்டும். அடுத்து ஓடை பிரியும் இடத்தில் இரண்டு கிளைகளிலும் மாதிரி எடுப்பார்கள். எதில் அதிகமோ அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவார்கள். திடீரென்று அளவு குறைந்துவிட்டால், மூலத்தைத் தாண்டி வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

அதன் பிறகுதான் மண். சந்தேகப் பகுதியில் கட்டம் போட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் மாதிரி எடுப்பார்கள். முதலில் சில நூறு மீட்டருக்கு ஒன்று, பிறகு 50 மீட்டர், 25 மீட்டர் என்று நெருக்குவார்கள்.

இந்தியாவில் இதை நாடு தழுவிய அளவில் ஜி.எஸ்.ஐ. செய்கிறது. 2001-ல் தொடங்கிய தேசியப் புவி வேதியியல் வரைபடத் திட்டத்தில், இரண்டுக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டத்தை ஓர் அலகாக வைத்து, பெரும்பாலும் ஓடை வண்டலை எடுத்து, 60-க்கும் மேற்பட்ட தனிமங்களுக்குப் பரிசோதிக்கிறார்கள். உலோகத் தேடலைத் தாண்டியும் இதற்குப் பயன் உண்டு. எந்த வட்டாரத்தில் ஃபுளோரைடு அதிகம், எங்கே வயல் மண்ணில் துத்தநாகம் போதவில்லை என்று பார்க்கவும் இதே தரவு உதவும்.

மோதிரத்தைக் கழற்றிவிட்டு வாங்க

மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடங்களில் ஒன்று: கையில் மோதிரம், காப்பு எதுவும் இருக்கக் கூடாது. தங்க மோதிரம் மண்ணில் உரசி ஒரு துகள் விழுந்தாலே போதும். பிபிபி அளவில் அளக்கும் கருவிக்கு அது பெரிய 'கண்டுபிடிப்பு' ஆகிவிடும்.

நடைமுறை இப்படி:

● மேலே கிடக்கும் சருகு, உரம் கலந்த மண்ணை ஒதுக்கிவிட்டு, ஒன்றிரண்டு அடி வரை தோண்டுவார்கள். களிமண்ணும் இரும்புத் துருவும் சேரும் அடுக்குதான் பெரும்பாலும் இலக்கு. உலோகம் ஒட்டிக்கொண்டிருப்பது அங்கேதான்.

● ஒவ்வொரு இடத்திலும் ஒரே அடுக்கில்தான் எடுக்க வேண்டும். ஓர் இடத்தில் மேல்மண், இன்னோர் இடத்தில் அடிமண் என்று எடுத்தால் ஒப்பீடே கெட்டுப்போகும்.

● பையில் எண், ஜிபிஎஸ் இடம், மண்ணின் நிறம், சரிவு, பக்கத்தில் சாலையோ வேலியோ இருக்கிறதா என்று எல்லாம் குறிக்க வேண்டும்.

● மண்ணைக் காயவைத்து, மாவு போன்ற நுண்ணிய பகுதியைச் சலித்தெடுத்து, அமிலத்தில் கரைத்து, ஐசிபி-எம்எஸ் போன்ற கருவியில் கொடுப்பார்கள். ஒரே ஓட்டத்தில் பல டஜன் தனிமங்களின் அளவு வந்துவிடும்.

● இடையிடையே ஒரே இடத்தின் மாதிரியை இரண்டு எண்களில் அனுப்புவார்கள். அளவு ஏற்கெனவே தெரிந்த தரமாதிரிகளையும் சொல்லாமல் கலந்துவிடுவார்கள். ஆய்வகம் சரியாக அளக்கிறதா என்பதற்கு இது ரகசியப் பரீட்சை.

தங்கத்தில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அது மண்ணில் சீராகக் கரைந்திருக்காது. தனித்தனித் துகள்களாக இருக்கும். ஒரு பையில் ஒரு துகள் மாட்டினால் எண் எகிறும். பக்கத்துப் பையில் எதுவும் இருக்காது. பொங்கலில் முந்திரி மாட்டுகிற கதைதான். ஒரு கரண்டியை வைத்து அண்டா முழுவதையும் கணிக்க முடியாது. இதனால் தங்கத் தேடலில் சில கிலோ எடையுள்ள பெரிய மாதிரியை எடுத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து அளக்கும் முறையும் பயன்படுகிறது.

தங்கத்தைத் தேட ஆர்செனிக் எதற்கு?

இன்னொரு வழி, தங்கத்தைத் தேடாமல் அதன் கூட்டாளிகளைத் தேடுவது. பல தங்கப் படிவங்களில் ஆர்செனிக், ஆன்டிமனி போன்றவை சேர்ந்தே இருக்கும். இவை தங்கத்தைவிட அளவில் அதிகம், பரவலும் அதிகம், அளப்பதும் எளிது. இவற்றை 'தடங்காட்டித் தனிமங்கள்' எனலாம். ஆளைக் காணோம் என்றால் அவர் பைக் எங்கே நிற்கிறது என்று பார்ப்போமே, அந்த மாதிரி.

மரமும் தடம் காட்டும். 2013-ல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள், மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி பகுதியில் யூகலிப்டஸ் இலைகளுக்குள் தங்கத் துகள்கள் இருப்பதை எக்ஸ்-ரே படத்தில் காட்டினார்கள். கீழே சுமார் 30 மீட்டர் ஆழத்தில் தங்கப் படிவம் இருந்தது. வறண்ட நிலத்தில் தண்ணீரைத் தேடி இறங்கிய வேர்கள், தண்ணீரோடு தங்கத்தையும் துளித்துளியாக மேலே ஏற்றியிருந்தன. உடனே மரத்தை வெட்டக் கிளம்ப வேண்டாம். ஒரு மோதிரத்துக்குத் தேவையான தங்கம் சேர 500 மரமாவது வேண்டும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பயன் வேறு இடத்தில் இருக்கிறது: துளை போடாமலேயே, இலையைப் பறித்துப் பார்த்து எங்கே தோண்டலாம் என்று முடிவு செய்யலாம்.

மண் பொய் சொல்லுமா?

சொல்லும். ஆர்செனிக் அதிகமாக இருப்பதற்குக் காரணம் பழைய பூச்சிக்கொல்லியாக இருக்கலாம். துத்தநாகம் பூச்சு போட்ட கம்பிவேலியிலிருந்து கழுவி வந்திருக்கலாம். மாங்கனீசு, இரும்புத் துரு சேரும் இடத்தில் கோபால்ட், தாமிரம் எல்லாம் காந்தம் போல வந்து ஒட்டிக்கொள்ளும். கீழே படிவமே இருக்காது.

இன்னொரு பொய், இடத்தைப் பற்றியது. மலைச்சரிவில் மண் மெல்லக் கீழே நகரும். அனாமலி இருக்கும் இடத்தில் துளை போட்டால் எதுவும் கிடைக்காது. மூலம் மேலே நூறு மீட்டர் தள்ளி இருக்கும். ஆற்று வண்டலோ காற்று கொண்டுவந்த மணலோ மூடிய இடங்களில் மேல்மண்ணுக்கும் அடிப்பாறைக்கும் சம்பந்தமே இல்லாமல் போகும். அங்கே மண் 'இல்லை' என்று சொல்வதையும் நம்ப முடியாது. இப்படி மூடப்பட்ட நிலங்களுக்காகவே, மண் துகளின் மேல் லேசாக ஒட்டியிருக்கும் அயனிகளை மட்டும் மென்மையான கரைசலால் பிரித்து அளக்கும் முறைகள் உருவாகியுள்ளன. அவற்றின் முடிவைப் படிக்கவும் அனுபவம் வேண்டும்.

அனாமலி முதல் சுரங்கம் வரை

இந்தியாவில் கனிம ஆய்வு நான்கு நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. செய்தி படிக்கும்போது இது தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஜி4 - முதல்கட்டத் தேடல். வரைபடம், மேற்பரப்பு மாதிரிகள், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துளைகள். 'இருக்கலாம்' என்ற நிலை.

ஜி3 - தொடக்க ஆய்வு. அகன்ற இடைவெளியில் துளைகள். உத்தேச அளவு கிடைக்கும்.

ஜி2 - பொது ஆய்வு. துளைகள் நெருங்கும், வடிவமும் தரமும் தெளிவாகும்.

ஜி1 - விரிவான ஆய்வு. சுரங்கத் திட்டம் போடும் அளவுக்கு நம்பிக்கை.

2023 பிப்ரவரியில் ஜம்மு காஷ்மீரின் ரியாசியில் '59 லட்சம் டன் லித்தியம்' என்று தலைப்புச் செய்தி வந்தது நினைவிருக்கலாம். அது ஜி3 நிலை மதிப்பீடு. அந்தக் களிமண் வகைத் தாதுவிலிருந்து லித்தியத்தை லாபகரமாகப் பிரிக்க முடியுமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. அதே ஆண்டு நவம்பரில் ஏலத்துக்கு வந்த அந்தப் பகுதிக்குப் போதிய தகுதியான போட்டியாளர்கள் வராததால், 2024 மார்ச்சில் அந்த ஏலம் ரத்தானது. தலைப்பைப் படித்து உற்சாகமான அளவுக்குக் கம்பெனிகள் உற்சாகமாகவில்லை.

ஒரு மாதிரியின் பின்னால் ஓர் ஊர்

மண் எடுப்பது யாருக்கும் தொந்தரவில்லாத வேலை. குழியை மூடிவிட்டால் அடையாளமே இருக்காது. ஆனால், முடிவு சாதகமாக வந்துவிட்டால் அங்கே வாழும் மக்களின் வாழ்க்கை எந்த அளவுக்கு மாறக்கூடும் என்பதற்கு, பப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவு ஓர் உதாரணம்.

1964-ல் சிஆர்ஏ என்ற நிறுவனத்தின் புவியியலாளர்கள் அங்கே ஓடை வண்டலை எடுத்துப் பரிசோதித்து, பாங்குனா என்ற இடத்தில் பிரம்மாண்டமான தாமிர-தங்கப் படிவத்தை அடையாளம் கண்டார்கள். 1972-ல் உற்பத்தி தொடங்கியது. நூறு கோடி டன்னுக்கு மேற்பட்ட சுரங்கக் கழிவு காவெராங், ஜாபா ஆறுகளில் விடப்பட்டது. நிலம், நீர், வருமானப் பங்கு பற்றிய கோபம் 1988-ல் கிளர்ச்சியாக வெடித்தது. 1989-ல் சுரங்கம் மூடப்பட்டது. உள்நாட்டுப் போர் 1998 வரை நீடித்து, பல ஆயிரம் பேரின் உயிரைக் குடித்தது. 2019 வாக்கெடுப்பில் சுமார் 98 சதவீதத்தினர் தனி நாடு வேண்டும் என்றார்கள்.

பின்னரும் அங்கே மண், நீர், வண்டல் மாதிரி எடுத்தார்கள். நோக்கம் மட்டும் மாறிவிட்டது. சுரங்கம் விட்டுச்சென்ற பாதிப்பை மதிப்பிடும் ஆய்வுக்கு நிதி தர ரியோ டின்டோ நிறுவனம் 2021-ல் ஒப்புக்கொண்டது.

தமிழ்நாட்டிலும் இந்தக் கேள்வி சமீபத்தில் எழுந்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதிக்கான ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் தேர்வானதாக 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. முதலில் விரிவாக ஆய்வு, பிறகு சுரங்கம் என்ற 'கூட்டு உரிமம்' அது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியின் ஒரு பகுதியும் அந்த எல்லைக்குள் வந்தது. கிராம மக்கள் போராட, டிசம்பர் 9-ல் சட்டப்பேரவை எதிர்ப்புத் தீர்மானம் போட, 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கீழே எவ்வளவு டங்ஸ்டன் இருக்கிறது என்று நிலத்தடி ஆய்வு சொல்லலாம். மேலே இருக்கும் குன்றும் குளமும் சமணப் படுக்கையும் எவ்வளவு மதிப்பு என்பதை எந்த ஆய்வகமும் சொல்லாது.

தேடல் வேகம் கூடும்

பேட்டரி, காற்றாலை, எலெக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றுக்கும் உலோகம் வேண்டும். அதனால் வரும் ஆண்டுகளில் மண் எடுப்பவர்களை அதிகம் பார்க்கப் போகிறோம். 2023-ல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், லித்தியம், தங்கம், தாமிரம் உள்ளிட்ட 29 கனிமங்களுக்குத் தனியாக 'ஆய்வு உரிமம்' கொண்டுவந்தது. தனியார் நிறுவனங்களும் இதன் மூலம் தேடலில் இறங்கலாம். 2023 டிசம்பரில் தொடங்கப்பட்ட தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியத்தில் ஜி.எஸ்.ஐ.யின் வேதியியல் வரைபடங்களைப் பொதுமக்களும் பார்க்கலாம். உங்கள் ஊர் மண்ணில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்க உதவும் வசதி இது.

அடுத்த முறை 'புதையல்' செய்தி வந்தால்...

ஃபார்வர்டு செய்வதற்கு முன் ஐந்து கேள்விகள்:

1. சொல்லப்படும் டன் கணக்கு பாறைக்கா, உலோகத்துக்கா?

2. ஒரு டன் பாறையில் எத்தனை கிராம்? தரம் சொல்லாத டன் கணக்கால் பயனில்லை.

3. எந்த நிலை? ஜி4, ஜி3 என்றால் பாதை இன்னும் நீளம்.

4. துளை போட்டார்களா, மேற்பரப்பு மாதிரி மட்டும்தானா?

5. சொன்னது யார்? ஆய்வு செய்த அமைப்பே வெளியிட்ட அறிக்கை இருக்கிறதா?

சோன்பத்ரா விஷயத்தில் முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடியிருந்தாலே, செல்போன் கால்குலேட்டரில் அரை நிமிடத்தில் 160 கிலோ என்று வந்திருக்கும்.